திருநாவுக்கரசரும் திருக்கோயிற் கற்பாசியும்

ஐப்பசி கார்த்திகைத் திங்களின் அடைமழை ஓய்ந்தபின் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த காவிரிக்கரைச் சிவாலயங்களுள் ஒன்றினுட் புகுவார், திருச்சுற்றின் தளவரிசையெங்கும் பசும்பாசி படர்ந்து கால்வைத்தற்கும் அஞ்சுமாறு வழுக்குதலையும், மதிற்கற்களிலும் அதிட்டானத்துக் குமுதத்திலும் சாம்பல் நிறமும் மஞ்சள் நிறமும் கருநிறமுமாகிய வட்டப் படலங்கள் ஒட்டிக்கிடத்தலையும் காண்பர். முன்னையது பாசி; பின்னையது கற்பாசி. அடுக்களையிற் கல்பாசி என வழங்கும் சரக்கும் இப்பின்னைய இனத்தைச் சார்ந்ததே. இவற்றை நீக்குதல் ஆளும் துடைப்பமும் இருப்பின் முடியும் வேலையென்று கோயிலார் பலர் கருதுகின்றனர். அங்ஙனங் கருதிச் செய்த வேலையால் யாம் இழந்தன பல. இத்திருத்தொண்டிற்குத் தலைவராக நம் சமயத்தார் கொண்டு போற்றுவது உழவாரப்படை ஏந்திய திருநாவுக்கரசு சுவாமிகளையாம். அவர்தம் வரலாற்றைப் பதிகச் சுவை பற்றியும் அற்புதங்கள் பற்றியும் விரித்துரைத்த பெரியோர் பலராதலின், ஈண்டு அக்கைத்தொண்டு ஒன்றனையே நூலாகக் கொண்டு அவ்வரலாற்றைக் கோத்துரைக்கப் புகுகின்றாம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாண் மரபிற் குறுக்கையர் குடியிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் தோன்றிய மக்கள் இருவருள் மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். தந்தையுந் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவரும் போரில் உயிர் துறந்தார். அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்து, தம்பியின் தனிமையை நினைந்து அத்துணிவை ஒழித்துத் தவநெறி மேற்கொண்டனர். மருணீக்கியார் அறச்சாலையுந் தண்ணீர்ப் பந்தரும் அமைத்து வாழ்ந்து, நிலையாமையை உணர்ந்து, மெய்ந்நெறி எதுவெனத் தேடுவார் பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளியை அடைந்து, அச்சமய நூல்களிற் பெரும்புலமை எய்தித் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கினார். இவை யாவரும் அறிந்தன.

வரலாறு கூறுவோர் பலர் விரைந்து கடந்துபோகும் இடம் ஒன்று இதன்பின் உளது. தம்பியார் புறச்சமயத்திற் புகழுடன் வாழ்ந்த அவ்வாண்டுகளில், தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து நாள்தோறும் விடியற்குமுன் எழுந்து திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, பூக்கொய்து மாலை தொடுத்துச் சாத்தி வந்தனர். தம்பியாரை மீட்டருள வேண்டுமென்பது அவர்தம் விண்ணப்பம். ஆயின் அவ்விண்ணப்பத்தின் பொருட்டு அவர் நாளும் செய்தது குப்பை நீக்குதலே. நேற்று நீக்கிய குப்பை இன்றும் வந்து விழும். இன்று மெழுகிய தரை நாளையும் மாசுபடும். அம்மையார் அதுபற்றிச் சலித்ததாக வரலாறு கூறவில்லை. நாவரசர் உழவாரம் எடுத்தது பின்னர். அவர் தமக்கையார் அலகு எடுத்தது முன்னர் என்பதனை உழவாரத் திருப்பணி அன்பர்கள் மனத்திற் பதித்தல் நன்று.

தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. பள்ளியாரின் மந்திரங்களும் மருந்துகளும் பயன்படாதொழிய, அவர் இரவிலே பாயுடுக்கையை நீத்து வெள்ளாடை புனைந்து தமக்கையாரின் திருமடத்து வாயிலில் வந்து வீழ்ந்தார். அம்மையார் திருநீறு அளித்தனர். திருப்பள்ளியெழுச்சிக் காலம் அணைய, அலகும் மெழுக்குத் தோண்டியும் கைக்கொண்டு தம்பியாரையும் உடன் அழைத்துக் கோயிலுட் புகுந்தனர். அன்று இருளும் ஒளியும் கலந்த அப்போதிலே தம்பியார் கண்முன் சென்றது தமக்கையார் கையிலிருந்த அலகு என்பதனை எண்ணுந்தோறும் எமக்கு மயிர்க்கூச்செறிகின்றது. வீரட்டானத்து இறைவன் திருமுன் அவர் பாடிய முதற் பதிகத்தொடு சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் வான்வழிக் கிடைத்தது. அதன்பின் மனத்தைத் தியானத்திற்கும், நாவைப் பதிகத்திற்கும், உடம்பைக் கைத்தொண்டிற்கும் ஒப்படைத்து உழவாரத்தைக் கையிற் கொண்டனர்.

உழவாரம் என்பது நீண்ட பிடியின் நுனியில் அகன்ற இரும்புத் தகடு பொருந்திய செதுக்கு கருவி. நிலத்தோடு ஒட்டச் செலுத்தின் புல்லையும் முள்ளையும் வேரோடு அரிந்து வாங்கும். செப்புத் திருமேனிகளிலே அப்பரடிகள் கூப்பிய கையினராய், அக்கருவி தோளிற் சார்ந்திருப்ப நிற்கும் கோலம் தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் எங்கும் காணத்தக்கது. இக்கருவியைப் பற்றி ஒன்று தெளிதல் வேண்டும். அரசர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நம் கோயில்களிற் பெரும்பாலன செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் இயன்றவை. முற்றங்கள் மண் முற்றங்கள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் புதுமையாகப் பொறித்தமையே அக்காலத்து வழக்கிற்குச் சான்று. எனவே அரசர் செதுக்கியது முற்றத்து மண்ணில் முளைத்த புல்லையும் நெருஞ்சியையும் ஆதல் வேண்டும். கற்றளிகள் பெருகியது பிற்காலத்து. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளியாக்கினர். கோயில் கல்லாயினபோது களையும் வேறாயிற்று. புல் இருந்த இடத்திற் பாசியும் கற்பாசியும் வந்தன. தொண்டு ஒன்றே, கருவி மாறுதல் வேண்டும். உழவாரத்தின் இரும்பு மண்ணுக்குரியது. அதனைக் கல்லின்மேல் உரசுவார் அரசரின் பெயரைக் கொண்டாரேயன்றி அவர் பணியின் திறத்தைக் கொண்டாரல்லர் என்பது எம் கருத்து.

மீண்டுவந்தமை கேட்டுச் சினந்த சமணர் பல்லவ மன்னனுக்கு உரைப்ப, அவன் ஆணையால் அரசர் நீற்றறையுள் ஏழு நாள் அடைக்கப்பட்டதும், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டப்பட்டதும், யானை ஏவப்பட்டதும், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டதும், அவற்றையெல்லாங் கடந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறியதும் சேக்கிழார் பெருமான் விரித்தருளியன. ஈண்டுக் கூறுதல் மிகை. அம்மன்னன் மனந்திரும்பிச் சைவனாகித் திருவதிகையிற் குணதரவீச்சரம் என்னுங் கோயில் எடுத்தான் என்னுஞ் செய்தியே இக்கட்டுரைக்கு வேண்டுவது. ஏனெனில் அது நம்மைத் திருச்சிராப்பள்ளிக் குன்றிற்குக் கொண்டுவருகின்றது.

குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. குன்றின்மேல் ஏறும் வழியிலே அவன் குடைவித்த கோயில் லளிதாங்குர பல்லவேச்சுர கிருகம் என அவன் விருதுப்பெயராலேயே வழங்கப்பெற்றது. அதனுள் கங்காதரமூர்த்தியின் புடைப்புருவமும், அதன் இருமருங்குமுள்ள தூண்களிற் பல்லவ கிரந்த எழுத்தாற் பொறித்த வடமொழிச் செய்யுட்களும் உள. 1890-ஆம் ஆண்டில் ஹுல்ச் என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் இவற்றைப் பதிப்பித்தார். குணபரன் என்னும் வேந்தன் மாறுபட்ட ஒழுக்கத்தினின்று திரும்பியதை இலிங்கத்தொடு சார்த்திக் கூறுவதாக அவற்றுள் ஒன்றிற்குப் பொருள் கொண்டு, அரசர் வரலாற்றிற்கு இதனைக் கற்சான்றாகக் காட்டினர் ஆராய்ச்சியாளர் பலர். அச்சொற்களுக்கு வேறு பொருள் உரைப்பாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், அவ்வெழுத்துக்கள் அங்கே நின்றாலன்றி அவ்வாராய்ச்சியே இல்லை. அக்குடைவரையிலேயே வேம்பையர்கோன் நாராயணன் பாடிய திருச்சிராமலை அந்தாதியும் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களாகக் கல்லிற் பொறிக்கப்பட்டுளது. ஓலையிற் போற்றப்படாத ஒரு தமிழ் நூல் கல்லில் வாழ்ந்து நமக்கு வந்தது. அவ்வெழுத்துக்களின் ஆழம் ஒரு நெல்மணியின் பருமனுக்கு எத்துணை மிகும்? குடைவரையின் உள்ளே வெயிலும் மழையும் குறைவு; திறந்த வெளியில் மதிற்புறத்தும் அதிட்டானத்தும் உள்ள எண்ணிறந்த கல்வெட்டுக்களுக்கு அக்காப்பும் இல்லை. கற்பாசி முதலில் இடங்கொள்வது எழுத்தின் குழியிலேயாம். ஆண்டு நீர் தங்கும்.

நாவுக்கரசர் திருத்தூங்கானை மாடத்திலே சூலமும் இடபமும் பொறிக்கப்பெற்று, தில்லை வணங்கி, சீகாழியில் ஆளுடைய பிள்ளையாரைக் கண்டு அவரால் அப்பர் என அழைக்கப்பெற்று, திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தனை எழுப்பி, பதிகள்தோறும் பாடியும் உழவாரம் செய்தும் சென்றனர். அவர் திருப்பாடல்கள் நான்காம், ஐந்தாம், ஆறாந் திருமுறைகளாகத் தொகுக்கப்பெற்றன. திருவீழிமிழலையில் நிகழ்ந்தது ஒன்று நம் பொருளுக்கு உயிர்நிலையாவது. வற்கடத்தால் அடியார்கள் வருந்த, இறைவன் நாள்தோறும் கீழைப்பீடத்தும் மேலைப்பீடத்தும் பொற்காசு வைத்தருளி இருவர்க்கும் அளித்தான். அரசரின் திருமடத்திற் பெற்ற காசு வட்டமின்றிச் செலாவணியாயிற்று. அடியார்கள் உரிய பொழுதில் அமுது செய்தனர். பிள்ளையார் பெற்ற காசிற்கு வணிகர் வாசி கேட்டமையால் ஆண்டு அமுது காலந்தாழ்ந்தது. காரணம் ஆராய்ந்த பிள்ளையார், அரசர் கைத்தொண்டு செய்தலின் அவர்க்கு நற்காசு கிடைத்ததென உணர்ந்து, வாசி தீருமாறு பாடித் தாமும் நற்காசு பெற்றனர். பிள்ளையாரோ இறைவனுக்கு மகன்மை பூண்டவர், ஞானப்பால் உண்டவர். அவரினும் அரசர்க்கு ஒரு பொழுதேனும் முற்பட அளித்தது உழவாரம். மகன் உண்பது உரிமை; ஆள் உண்பது கூலி. கூலியில் வட்டம் பிடித்தல் முறையன்று என்று இறைவன் கொண்டான்போலும். தாதமார்க்கமாகிய சரியைக்கு அரசரை முதல்வராக வைத்த நம் ஆன்றோர் கருத்து இவ்விடத்தே நன்கு விளங்கும். சரியையைக் கீழ்ப்படியென்று கூறி அதனைக் கூலியாட்களுக்கே விட்டொழிக்கும் கற்றோர் இப்பகுதியை மறுமுறையும் ஓதுக.

இனி அரசர் சிராப்பள்ளிப் பக்கத்துக்கு எழுந்தருளியதைக் கூறுவாம். பெரியபுராண வைப்பு முறைப்படி அவர் திருவானைக்கா, திருவெறும்பியூர், திருச்சிராப்பள்ளி, திருக்கற்குடி, திருப்பராய்த்துறை ஆகியவற்றை வணங்கிப் பின் காவிரியின் வடகரை வழியே திருப்பைஞ்ஞீலி சென்றனர். இவையாறும் அவர்தம் பதிகம் பெற்ற தலங்கள். திருவரங்கமும் திருவானைக்காவும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஒரே தீவில் அமைந்தன. ஆனைக்காவில் இறைவன் நீருருவினன். கருவறையில் ஊற்று நீர் கசிந்துகொண்டேயிருக்கும். ஈரம் அத்தலத்தின் இயல்பு. ஆகவே பாசியும் அத்தலத்தின் நித்திய விருந்தாளி.

அத்தலத்து வரலாறே தூய்மை பற்றிய ஒரு வழக்காகும். வெண்ணாவலின்கீழ் இருந்த இலிங்கத்தின்மேற் சருகு விழாமற் சிலந்தி ஒன்று நூலால் விதானம் இழைத்தது. யானை ஒன்று துதிக்கையால் நீரும் பூவும் கொணர்ந்து வழிபட்டது. யானையின் கண்ணுக்குச் சிலந்தியின் விதானம் அழுக்காகத் தோன்றிற்று. அதனைச் சிதைத்துத் தூய்மை செய்தது. சிலந்தி மீண்டும் இழைத்தது. யானை மீண்டுஞ் சிதைத்தது. முடிவிற் சிலந்தி துதிக்கையுட் புக, இரண்டும் மாய்ந்தன. சிலந்தி கோச்செங்கட் சோழராகப் பிறந்து யானை புகலாகாத மாடக்கோயில்கள் எடுத்தது. அரசரும் தம் பாடல்களில் இச்சிலந்தியைக் குறித்துள்ளார். யானையின் அன்பிற் குறை யாதும் இல்லை. அதன் உழைப்பிலும் குறையில்லை. அழுக்கு எது, வழிபாடு எது எனப் பகுத்தறியாமை ஒன்றே குறை. கோயில் தூய்மை செய்வார் பலர்க்கு யாம் இவ்வரலாற்றை நினைவூட்டுவது இதுபற்றியே. எம்மையும் உட்படுத்தியே கூறுகின்றாம்.

ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளின் முன், எம் ஆசிரியரிடம் பாடங் கேட்டுவந்த இளைஞர் சிலர் உழவாரப் பணி செய்வான் விரும்பிக் காவிரியின் வடகரையில் ஒரு சிற்றூர்ச் சிவாலயத்திற்குச் சென்றோம். முற்றத்துப் புல்லைச் செதுக்கினோம். அது செவ்வனே நடந்தது. பிற்பகலில் எஞ்சிய ஊக்கம் விமானத்து அதிட்டானத்தின்மேற் சென்றது. மஞ்சளும் கருமையுமாய்ப் படர்ந்திருந்த கற்பாசியை உலர்ந்த நிலையிலேயே இரும்புத் தகட்டாலும் கம்பித் தூரிகையாலும் உரசி நீக்கினோம். கல் வெளுத்துத் தோன்றிற்று, எமக்கு மகிழ்ச்சி. மாலையில் வந்த ஆசிரியர் அவ்விடத்தை விரலால் நெடிது தடவினார். பின்னர், இவ்விளக்கை வைத்தவன் யார், எத்தனை ஆடு அளித்தான் என்று எம்மை வினவினார். யாம் விடையறியாது நின்றோம். அங்கே நுந்தாவிளக்குக் கல்வெட்டு ஒன்று இருந்ததனையும், தம் இளமையில் அதன் சில வரிகளைத் தாம் படித்ததனையும் சொல்லிவிட்டு, வேறொன்றும் கூறாமற் குளத்திற்குச் சென்றுவிட்டார். எங்களிடம் அவர் சினந்திருப்பின் இத்துணைக் காலம் அது மனத்தில் நின்றிராது.

யாம் அழித்ததன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். பாசி மெல்லிய செடியினம். நிழலும் ஈரமும் உள்ள வரை வாழும். கல்லின் மேற்றோலைப் பற்றி நிற்பதன்றி ஆழப் புகாது. கோமுகையின் கீழும், வடபுறச் சுவரிலும், தளக்கற்களின் இடுக்கிலும் செழித்து, மாசி பங்குனியில் உலர்ந்து கருகும். கற்பாசியின் இயல்பு வேறு. அது தனியோருயிர் அன்று. பூஞ்சணமும் நுண்பாசியும் ஒன்றையொன்று சார்ந்து கூடிவாழுங் கூட்டுடம்பு. நுண்பாசி வெயிலால் உணவு சமைக்கும். பூஞ்சணம் இடமும் ஈரமும் கொடுக்கும். ஓராண்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராதன பல. ஆதலின் ஓர் உள்ளங்கையகல வட்டம் பல பத்தாண்டுகளின் வளர்ச்சியாகும். அதன் நுண்ணிழைகள் கருங்கல்லின் அபிரகத் தகடுகளுக்கும் ஏனை மணிகளுக்கும் இடையே புகுந்து பற்றும். அது சுரக்கும் அமிலம் அம்மணிகளின் கட்டைத் தளர்த்தும். நனைந்தால் உப்பியும் உலர்ந்தால் சுருங்கியும் அவ்விழைகள் கல்லை நாள்தோறும் அசைத்துக்கொண்டிருக்கும். உலர்ந்து சுருங்கிய நிலையில் அதனை உரசிப் பெயர்ப்பின், அது பற்றியிருந்த கல்மணிகளும் உடன் பெயரும். எழுத்தின் விளிம்பு அம்மணிகளாலேயே ஆனது.

ஆகவே முதலில் நன்னீரால் நனைத்தல் வேண்டும். பலமுறை நனைத்து, அது பருத்து நெகிழும்வரை பொறுத்திருந்து, பனந்தும்பு அல்லது தேங்காய்நார்த் தூரிகையால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். எஞ்சியதை மூங்கிற் பத்தையாலோ மரச்செதிலாலோ கல்லிற் படாமல் நீக்கலாம். இரும்பு ஆகாது, கம்பித் தூரிகை ஆகாது, திராவகம் ஆகவே ஆகாது. பிளீச்சிங் தூள் உடனே வெண்மை தரும். ஆயின் அதன் உப்பு கல்லினுட் சென்று தங்கிப் பின்னர்ப் பொருக்காக உரியச் செய்யும். தொல்பொருள் துறையின் வேதியியலார் மிக நீர்த்த அம்மோனியா நீரைக் கையாளுவர். அது பயின்றார் கைக்குரியது, நம்போல்வார்க்கு உரியதன்று. எழுத்துள்ள கல்லாயின் மைப்படி எடுத்த பின்னரன்றித் தொடுதல் தகாது. கல் தளர்ந்து மணல்போல் உதிரும் இடத்தில் கற்பாசியை அவ்வாறே விட்டு வைத்தலே நன்றென்பாரும் உளர். யாமும் அவர் பக்கத்தினேம். அரசும் ஆலும் முளைத்த இடுக்குகள் வேறு. அவற்றைக் கன்றிலேயே களையாவிடின் மதிலே பிளக்கும்.

சென்ற நூற்றாண்டின் இறுதியில் அழுத்தக் காற்றோடு மணலை வீசிக் கற்சுவர்களைத் துப்புரவு செய்யும் முறை தமிழகக் கோயில்கள் பலவற்றிற் புகுந்தது. ஒரே நாளிற் பல நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் பாசியும் போயின. கல்லின் மேற்றோலும் எழுத்தின் கூர்மையும் சிற்பியின் உளிக்குறியும் உடன் போயின. கல்வெட்டறிஞர்கள் முறையிட்ட பின்னர் அம்முறை தடுக்கப்பட்டது. ஆனைக்காவின் யானை செய்ததற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. ஒன்றுண்டு, யானைக்குக் கூலி இல்லை.

இதற்கு மறுதலையாக அதே தீவில் நிகழ்ந்த நல்லதொன்றும் கூறற்பாலது. திருவரங்கப் பெருங்கோயிலின் திருப்பணி நிறைவேறி 2015-ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நடைபெற்றது. 2017-இல் யுனெசுகோ ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் அப்பணிக்கு நற்சான்று விருது அளித்தது. பிற்காலத்து ஒட்டுக்களை நீக்கியதோடு, தூர்ந்துகிடந்த பழைய நீர்வடிகால்களையும் மழைநீர் சேமிப்பு அமைப்பையும் மீட்டமை அங்கே சிறப்பாகக் குறிக்கப்பட்டது. மாலடியார் கோயிலாயினும் நாம் கற்கவேண்டுவது இதுவே. நீர் தேங்கும் வழியை அடைக்காது பாசியை மட்டும் உரசுவார், ஆண்டுதோறும் கல்லைத் தேய்த்துக்கொண்டேயிருப்பர். நம் சாத்திரங்களிற் பயின்ற உவமை ஒன்று உளது. பாசி மூடிய குட்டத்திற் கல்லெறிந்தால், எறிந்த அப்பொழுது பாசி விலகி நீர் தோன்றும். சிறிதுபோழ்திற் பாசி மீண்டும் வந்து மூடும். பாசத்தின் வாசனை உயிரை மீளவந்து பற்றும் முறைக்கு இதனைக் காட்டுவர். அவ்வுவமையைப் பாடஞ்சொல்லும் மடாலயங்களின் திருக்குளப் படிக்கட்டிலும் அதுவே நிகழ்கின்றமையைக் காணாதிருத்தல் வியப்பே.

ஆனைக்காவினின்று அரசர் சென்ற எறும்பியூரிலோ நிலை முற்றும் வேறு. அங்கே இறைவன் புற்றுமண் திருமேனியன், நீர் படுதலாகாது. ஒரு தலத்தில் நீரே மேனி. அதனை அடுத்த தலத்தில் நீரே தீங்கு. ஒரே நாள் நடையில் இவ்விரண்டையும் வணங்கிய அரசர்க்கு, எல்லாவிடத்தும் ஒரே முறையில் தொண்டாற்றலாகாது என்பதனை யாரும் சொல்லியிருக்க வேண்டுவதில்லை. சிராப்பள்ளிக் குன்றையும், இக்காலத்து உய்யக்கொண்டான் திருமலை எனப்படும் கற்குடியையும், பராய்த்துறையையும் பணிந்து அவர் பைஞ்ஞீலி நோக்கி நடந்தபோது பசியும் நீர்வேட்கையும் மிக்கு உடல் தளர்ந்தது. ஆயினும் நடையை நிறுத்திற்றிலர். வழியிலே குளமும் சோலையும் தோன்றின. அந்தணர் ஒருவர் கட்டமுதோடு இருந்து அதனை ஊட்டி, நீர் பருகச்செய்து, இளைப்பாற்றி, தாமும் பைஞ்ஞீலிக்கே போவதாகக் கூறி உடன் நடந்து, ஊர் அணுகியதும் மறைந்தனர். வந்தவர் யாரென அரசர் அப்பொழுதே அறிந்து உருகினர். அத்திருக்கோயிலிற் சோற்றுடைய ஈசுவரர் சந்நிதி இன்றும் உளது. வீழிமிழலையில் வாசியில்லாக் காசு. பைஞ்ஞீலியில் கையிற் சோறு. செதுக்கி உழைத்த உடம்பின் பசியை இறைவன் எத்துணை அணுகியிருந்து அறிந்தான் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

அதன்பின் அவர் கயிலை காணும் வேட்கையால் வடக்கே சென்று, கையுங் காலும் மார்பும் தேய ஊர்ந்து, இறைவன் பணித்தவாறு ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சி கண்டதும் பிறவும் நூலுட் காண்க. இறுதிக் காலத்திற் பூம்புகலூரை அடைந்து அங்கேயே தங்கி உழவாரப் பணி செய்துகொண்டிருந்தார். முதுமை எய்திய பின்னும் கருவியைக் கீழே வைத்ததில்லை. அவர் மனநிலையைப் பிறர்க்குக் காட்டுவான் இறைவன் திருவுளங்கொள்ள, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் பொலிந்து வெளிப்பட்டன. அரசர் அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே நோக்கி, உழவாரத்தில் ஏந்தி அயலிலுள்ள வாவியில் எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செதுக்கலாயினர். முற்றத்தில் நடக்கும் அடியார் காலில் உறுத்துவது எதுவாயினும் அது களையே, பொன்னாயினும் அவ்வாறே. அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் மலர் தூவியும் நின்றனர். அவர் பணி தடைப்படவில்லை.

எண்பத்தோராண்டு வாழ்ந்த அவர், சித்திரைத் திங்கட் சதய நாளிலே அப்பூம்புகலூரில் இறைவன் திருவடி நீழல் எய்தினர். ஆண்டுதோறும் அந்நாளிற் சிவாலயங்களில் அவர்க்குக் குருபூசை நிகழ்கின்றது. திருமேனிக்கு நீராட்டும்போது தோளிற் சாத்திய உழவாரத்தையும் தனியே எடுத்து நீராட்டித் துடைத்து மீளச் சாத்துவாரை யாம் கண்டிருக்கின்றோம். துடைப்பது மெல்லிய துணியால்.

திருச்சிற்றம்பலம்.